மாமா தூங்குற நேரம்

எங்கள் வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு பருப்பு மில் இருக்கிறது. காலையில் ஓடத் தொடங்கினால் இருட்டும் வரை ஓடும். பின்கட்டில் நின்று பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். முன்னறைக்கு வரும்போது அந்த இரைச்சல் ஒரு முனகலாகக் குறைந்துவிடும், ஆனாலும் அலமாரியில் டம்ளர்கள் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், "இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குறீக?" என்று கேட்பார்கள். "அது நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்" என்று நான் பெருமையாகச் சொல்வேன்.

ஒரு காலத்தில் அது பொய்யில்லை. ஆனால் அதே மதிய வேளையில் வீட்டுக்குள் ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், புரண்டு படுத்துத் தொண்டையைச் செருமுவேன். அந்தச் செருமலுக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். மில்லைத் தாங்குகிற காது ஒரு கரண்டியை ஏன் தாங்கவில்லை என்ற கேள்வி எழுபது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு வந்தது. வந்ததும் விடையும் தெரிந்துவிட்டது. மில்லை என்னால் அதட்ட முடியாது.

இந்தப் பழக்கம் நியாயமாகத்தான் தொடங்கியது. நான் சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியின் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தேன். பி.காம். படித்திருந்தேன், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும், அதனால் வடக்கிலிருந்து வரும் ஆர்டர்களை என்னிடம் கொடுத்தார்கள். சீசன் நேரத்தில் லாரிகளுக்கு லோடு ஏற்றி அனுப்பிவிட்டு விடியற்காலை பஸ்ஸில் விருதுநகர் வருவேன். சாயங்காலம் மறுபடி கிளம்ப வேண்டும். நடுவில் கிடைக்கிற மதியத் தூக்கம்தான் தூக்கம். என் மனைவி அந்த நேரத்துக்கு வீட்டை அடக்கி வைத்தாள். காலிங்பெல் சுவிட்சை அணைத்துவிடுவாள். குக்கர் வைக்க மாட்டாள். மகன் விளையாட வேண்டுமென்றால் தெருக்கோடிக்குப் போய்விட வேண்டும்.

சீசன் முடிந்தது, அந்த ஒழுங்கு முடியவில்லை. நான் ஓய்வு பெற்றேன், அப்போதும் முடியவில்லை. மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் என் மனைவி அவளைச் சமையலறையில் நிறுத்திச் சொன்னது எனக்கே கேட்டது: "ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் மாமா தூங்குற நேரம்த்தா. சட்டி பானைகூட மூச்சு விடப்படாது."

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மதியத் தூக்கம் வந்ததே இல்லை. முன்னறை ஜன்னலோரக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பேன், அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல" என்பேன். அதுவும் முக்கால்வாசி பொய். இரவில் நன்றாகவே தூங்குவேன். ஆனால் அப்படிச் சொல்லி வைத்தால்தான் மதியத்தின் மரியாதை நிலைக்கும். ஆர்டர், லாரி, டெலிபோன் எல்லாம் போன பிறகு எனக்காக மிச்சமிருந்தது அந்த இரண்டு மணி நேர அமைதி ஒன்றுதான். ஒரு வீடு முழுக்க என் பொருட்டு விரல்நுனியில் நடப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதில் ஒரு சுகம் இருந்தது. மனைவி இறந்த பிறகும் அந்தச் சுகத்தை நான் விடவில்லை.

கண்ணை மூடிப் படுப்பதில் வேறொரு வசதியும் இருந்தது. தூங்குகிறவனிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

என் மகன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் போர்மேனாக இருந்தான். மருந்துக் கலவை தீப்பிடித்த ஒரு காலையில் உள்ளே இருந்த பெண்களை வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை. கைகள்தான் போயின. போயின என்றால், இருக்கின்றன. தோல் சுருங்கி விரல்கள் உள்ளே மடங்கிவிட்டன. சட்டைப் பட்டன் போடப் பிறர் வேண்டும். யூனிட்டை மூடிவிட்டார்கள். பிறகு சிவகாசியில் ஓர் அச்சகத்தில், அட்டைப்பெட்டிகளின் அச்சு நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்கும் வேலை கிடைத்தது. பார்ப்பதற்குக் கை வேண்டாம். சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரிதான்.

மருமகள் நர்ஸ். நர்சிங் பட்டம் படித்துவிட்டு இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. புருஷனின் கைகளுக்குப் புண் ஆறும் வரை அவளே கட்டுப் போட்டாள். பேத்தி எட்டாவது படிக்கிறாள். இதுதான் குடும்பம். கூட வேலை பார்த்த ஒருத்தி ஜெர்மனிக்குப் போய் அங்கே ஒரு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தி வந்ததிலிருந்து மருமகள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த மொழியில் ஒரு குறிப்பிட்ட நிலை வரை தேறினால் ஏஜென்சிக்காரர்கள் அழைத்துப்போவார்கள். அங்கே நிலைத்துவிட்டால் புருஷனையும் மகளையும் கூட்டிக்கொள்ளலாம். அவன் கைகளுக்கு நல்ல அறுவை சிகிச்சையும் செய்யலாம் என்பது அவள் கணக்கு. மகன் உடனே, "நீ படி" என்று சொல்லிவிட்டான்.

பாக்கி நான். ஒரு மதியம் அவள் என் கட்டிலருகே வந்து நின்றாள். துணி சோப்பு வாசம் வந்தது. "மாமா" என்றாள், எழுப்பவும் எழுப்பாமலும் இருக்கிற குரலில். சற்று நின்று, "நான் ஜெர்மன் படிக்கட்டுமா மாமா?" என்றாள்.

நான் மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நியாயம் இல்லை. சரி என்று சொல்ல மனம் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். மறுபடி கேட்கவே இல்லை. படிக்கத் தொடங்கிவிட்டாள்.

காலை டூட்டி முடிந்து மதியம் வருவாள். சாப்பிட்டுவிட்டுக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து போனில் வகுப்பு கேட்பாள். அதன் பிறகு உலர்ந்த துணிகளை எல்லாம் அள்ளி வந்து, மின்விசிறி இருக்கிற முன்னறைத் தரையில் போட்டு மடிப்பாள். அப்போதுதான் அந்த முணுமுணுப்பு தொடங்கும்.

அந்த முணுமுணுப்பில் என் மதியங்களுக்கு உயிர் வந்தது என்று சொன்னால் மிகையில்லை. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. புரியாதது எவ்வளவு நேரம் ஒரு மனிதனைக் கட்டிப்போடும் என்பதை அப்போதுதான் கண்டேன். முதலில் ஏதோ ஜெபம் மாதிரி இருந்தது. பிறகு, ஒரே வாக்கியம் அடிக்கடி வருவதைப் பிடித்தேன். "ஹாபன் ஸீ கூட் கெஷ்லாஃபன்?" கடைசியில் குரல் மேலே ஏறியது. அப்படியானால் அது கேள்வி. யாரிடம் கேட்கிறாள்? வகுப்புதான் முடிந்துவிட்டதே.

ஒரு நாள் ஒற்றைக் கண்ணை நூலளவு திறந்து பார்த்தேன். மகனின் சட்டையைத் தரையில் விரித்து, கைகளை உள்ளே மடித்து, அதன் கழுத்துப் பட்டையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டி, சட்டை சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டாள். அடுத்து பேத்தியின் பாவாடை. அதனிடம் வேறு கேள்வி: "வோ டூட் எஸ் வே?" கேட்டுவிட்டுப் பாவாடையின் இடுப்பை மெல்ல அழுத்திப் பார்த்தாள். அப்புறம் என் வேட்டி. அதற்கு நீண்ட உபதேசம் நடந்தது. விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். என் வேட்டி எதையோ சாப்பிடக் கூடாது போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. புரண்டு சுவரைப் பார்த்துப் படுத்தேன். நான் அசைந்ததும் அவள் குரல் இன்னும் ஒரு படி இறங்கிவிட்டது. காற்று மட்டும்தான் வந்தது.

எனக்கு அந்த முதல் வாக்கியத்தின் அர்த்தம் தெரிந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. அவளிடம் கேட்க முடியாது. எப்போது கேட்டீர்கள் என்பாள். மொழிபெயர்க்கிற வசதி என் போனிலும் இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துபோய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, போனை வாயருகே வைத்துச் சொன்னேன். போன் ஒன்றும் புரியாமல் மறுபடி சொல்லச் சொன்னது. மறுபடி சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் தன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

எனக்கும் ஒரு வேற்றுமொழி படித்த கதை உண்டு. கம்பெனியில் சேர்ந்தபோது இந்தியில் எனக்கு ஒரு சொல் தெரியாது. படித்தது எல்லாம் டிரங்க் காலில். அந்தக் காலத்து டெலிபோனில் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமென்றால் எழுந்து நின்று கத்த வேண்டும். "மால் நிகல் கயா! லாரி நிகல் கயா!" என்று, சரக்கு கிளம்பிவிட்டதை நான் கத்துவது தெருவில் டீக்கடை வரை கேட்கும். தப்பாகக் கத்தினேன். எதிர்முனையில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு சீசன் முடிவதற்குள் பேச வந்துவிட்டது. கூச்சப்பட நேரமே இருக்கவில்லை. இதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் காலடியில் தரையில் உட்கார்ந்து ஒருத்தி சட்டைகளிடம் மூச்சுக்காற்றில் பேசிக்கொண்டிருந்தபோது ஏனோ அது நினைவுக்கு வரவில்லை.

தேர்வு சென்னையில். வாசிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. நான்கிலும் தேற வேண்டும். முடிவு வந்த அன்று வார விடுமுறை, மகன் வீட்டில் இருந்தான். மதியம் இருவரும் முன்னறைத் தரையில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார்கள். நான் வழக்கம்போல் கட்டிலில் படுத்திருந்தேன்.

"மூணுல நல்ல மார்க்குங்க. பேசுறதுல போயிருச்சு."

"நீ நல்லாப் பேசுவியே?"

"நான் பேசுனது அவங்களுக்குக் கேக்கல. லௌட்டர், பிட்டே. லௌட்டர், பிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சத்தமாப் பேசுங்க, தயவுசெஞ்சுன்னு அர்த்தம்."

"பேசிற வேண்டியதுதான?"

"பேசுனேன். சத்தமாப் பேசுனா அது என் குரல் மாதிரியே இல்லைங்க. வேற யாரோ பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருந்துச்சு. அந்தப் பயத்துல அடுத்த வார்த்தை வரல. எல்லாம் மறந்துபோச்சு."

"வாத்தியார் ஒண்ணும் சொல்லலையா முன்னாடி?"

"அவருக்கு எப்படித் தெரியும்? மைக்கு வாய்க்குப் பக்கத்துல இருக்கு. நான் மூச்சு விட்டாலும் அவருக்குக் கேக்கும்."

பிறகு மகன் சொன்னான்: "அப்பாட்ட சொல்லிட்டு ஒரு மாசம் சத்தமாப் படி. ஒரு மாசம் தூங்கலைன்னா ஒண்ணும் ஆகிறாது."

"சும்மா இருங்க. மாமாவுக்கு ராத்திரி தூக்கமே கிடையாது. பகல்லயாச்சும் தூங்கட்டும்."

ஏஜென்சியில் அடுத்த தேர்வு வரை மட்டும் அவளுக்கு இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதிலும் போனால் அந்த இடம் வேறு ஒருவருக்கு. இதையும் அவள் அப்போதுதான் சொன்னாள். மகன் தன் மடங்கிய விரல்களால் அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான். அதைக் கண்ணிமை இடுக்கில் பார்த்தேன்.

அந்தக் கணத்தில் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பல நாட்கள் அதே கட்டிலில் அதே மாதிரி படுத்திருந்தேன். அவள் மறுபடியும் மெதுவாகவே துணியுடன் பேசினாள். தூங்குவதில்லை என்று சொன்னால் எத்தனை வருடப் பொய் வெளியே வரும் என்று எனக்குப் பயம்.

அந்த நாட்களில் எனக்கு என் மனைவியின் குரலை நினைவுக்குக் கொண்டுவரும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. முயன்று பார்த்தேன். தணிந்த குரலில் அவள் சொன்னவை எல்லாம் நினைவிருந்தன. உரக்கச் சொன்னது ஒன்றுகூட இல்லை. அவள் இறந்தபோது வீட்டுக்கு வந்திருந்த அவளுடைய அக்கா யாரிடமோ, "சின்னதுல அவ கூப்பிட்டா அடுத்த தெருவுக்குக் கேக்கும்" என்று சொல்லி அழுதது ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது. அன்று அதைக் காதில் வாங்காமல் விட்டிருந்தேன். அந்தக் குரல் எங்கள் வீட்டில் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மதியம், சரியாக என் தூக்க நேரத்தில், எழுந்துபோய்த் துவரம்பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். மருமகள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். குக்கர் முதல் விசில் அடித்தது. அந்த வீட்டில் அந்த நேரத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. துணிகளை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடிவந்தாள்.

"மாமா! என்னாச்சு? ஏன் எந்திரிச்சு வந்தீக? பசிக்கா?"

"பருப்பு வேகுது."

"ராத்திரிக்குத்தான பருப்பு? நீங்க போய்ப் படுங்க. நான் அணைச்சிருதேன், தூக்கம் கெட்டிரும்."

"தூங்குனாத்தான கெடுறதுக்கு."

அவள் அடுப்பின் பக்கம் நீட்டிய கை அப்படியே நின்றது.

"நான் மத்தியானம் தூங்குறதில்லம்மா. ரொம்ப வருசமா."

"எம்புட்டு வருசமா?"

"நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்துன்னு வச்சுக்கயேன்."

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. அது அடங்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, நான் கட்டில் பக்கத்துல வந்து நின்னு, படிக்கட்டுமா மாமான்னு கேட்டேனே. அன்னைக்கும் முழிச்சுத்தான் இருந்தீகளா?"

"ஆமா."

நான் ஏதாவது காரணம் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. நான் அடுப்பைத் தணித்தேன். அப்போதுதான் அவள் கத்தினாள்.

"நான் ஒரு செத்த பொணத்துக்கிட்ட உத்தரவு கேக்குற மாதிரி நின்னுட்டு வந்தேன் மாமா! கேக்காமப் படிக்கிறோமேன்னு எத்தனை நாள் உறுத்துச்சு தெரியுமா உங்களுக்கு? ஒரு வார்த்தை! வேண்டாம்னாகூட வேண்டாம்னு சொல்லியிருக்கலாமுல்ல! நான் இந்த வீட்டுல தும்மக்கூட மாடிக்குப் போயிருக்கேன். அதுவும் உங்களுக்குத் தெரியும்! படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

சமையலறைக்குப் பின்னால் மில் ஓடிக்கொண்டிருந்தது. அதை மீறி ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நான் சொல்லக் கூடாத நேரத்தில் ஒன்று சொன்னேன்:

"இந்தச் சத்தத்துல பேசியிருந்தா பாஸாகியிருப்பம்மா."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு பல நாள் காபி வந்தது, சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. பேத்திதான் நடுவில் தூது. "தாத்தா, அம்மா மாத்திரை போட்டீகளான்னு கேக்கச் சொன்னாக." அம்மா அடுத்த அறையில்தான் இருப்பாள்.

அந்தக் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது. அது குறைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மதியம் படுப்பதை நிறுத்தினேன். காலிங்பெல் சுவிட்சைப் போட்டே வைத்தேன். இரண்டு மணி அடித்தால் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டில் மில் சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். நல்ல வெயில். பேத்தி பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்து, "தாத்தா, வத்தல் காயப்போட்ட மாதிரி இருக்கீக" என்றாள்.

மகன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல், பழைய லாரித் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து எனக்கு மேலே நிழலுக்குக் கட்டினான். கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மடங்கிய கைகளுக்கு நடுவே மறுமுனையைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டான். நான் உதவ எழுந்தபோது, "உக்காருங்கப்பா. எனக்குக் கட்டத் தெரியும்" என்றான். பிறகு வாயிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டு, "என்ன தண்டனையா இது? உங்களுக்கு நீங்களே குடுத்துக்கிட்டதா?" என்று கேட்டான்.

"இல்லலே. இங்கன இருந்தா கத்தித்தான் பேசணும். அவளுக்குச் சத்தமாப் பேசிப் பழக ஒரு ஆள் வேணும்ல. ஒரு நோயாளி."

அவன் உள்ளே போய் என்ன சொன்னானோ தெரியாது. மறுநாள் மதியம் அவள் சமையலறைப் படியில் வந்து நின்றாள். கையில் துணி இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை. அங்கிருந்து என்னைப் பார்த்து உதடு அசைந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் காதில் கைவைத்துக் காட்டினேன்.

மறுபடி உதடு அசைந்தது. மில்தான் கேட்டது.

அவளுடைய தேர்வாளர்கள் சொன்ன அந்தச் சொல் எனக்குப் பாடமாகியிருந்தது. எழுந்து நின்று, டிரங்க் காலில் கத்துகிற மாதிரி கத்தினேன்: "லௌட்டர், பிட்டே!"

அவள் திகைத்தாள். பிறகு புரிந்துகொண்டாள். அந்த மொழியையும் நான் படுத்துக்கொண்டே ஒட்டுக்கேட்டிருக்கிறேன் என்று. அந்தக் கோபத்திலேயே கத்தினாள்:

"ஹாபன் ஸீ கூட் கெஷ்லாஃபன்?"

"அப்படின்னா என்னம்மா?" நான் திருப்பிக் கத்தினேன். "அத மட்டும் கண்டுபிடிக்க முடியல!"

"நல்லாத் தூங்குனீகளா!" என்று அவள் கத்தினாள். "காலையில வார்டுக்குள்ள போனதும் நோயாளிக்கிட்ட மொதல்ல கேக்குறது! நல்லாத் தூங்குனீகளா!"

இத்தனை மாதங்களாக என் காலடியில் உட்கார்ந்து அவள் அந்தத் துணிகளிடம் கேட்டது அதுதான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இல்லைங்கிறதுக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டேன்.

"நைன்!"

"நைன்!" என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. அவள் படியில் நிற்பாள், நான் மில் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். நடுவில் துவரை உடைபடும் இரைச்சல். எனக்கு நெஞ்சு வலி, முழங்கால் வலி, நாக்கில் ருசி இல்லை என்று அவள் சொல்லிக்கொடுத்த நோய்களை எல்லாம் கத்தினேன். அவள் அதற்கு ஆறுதல் சொல்லிக் கத்தினாள். ஆறுதலைக் கத்திச் சொல்வது கடினம். அதட்டுவது மாதிரி ஆகிவிடும். முதல் சில நாட்கள் அப்படித்தான் இருந்தது. அவளுக்குக் கோபமும் இருந்ததால் பொருத்தமாகவும் இருந்தது. குரல் உயர்ந்ததும் வார்த்தை நின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு தேடுவாள். நான் காத்திருப்பேன். பிறகு மெல்ல மெல்ல அந்த உரத்த குரல் அவளுடையதாக மாறியது. ஒரு நாள் என்னைத் திட்டுகிற மாதிரி இல்லாமல், அவ்வளவு சத்தமாக, அவ்வளவு கனிவாகக் கேட்டாள், "வோ டூட் எஸ் வே?", எங்கே வலிக்கிறது என்று. எனக்குப் பதில் மறந்துவிட்டது.

மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார்கள். "என்னய்யா பெரியவரே, மருமக அம்புட்டுத் திட்டு திட்டுது, நீங்க பொறுமையா உக்காந்திருக்கீக?" என்று ஒருவர் கேட்டார்.

"திட்டல. நலம் விசாரிக்குது" என்றேன்.

"இப்படி விசாரிச்சா நான் செத்தே போயிருவேன்" என்றார் அவர். மருமகள் முதல்முறையாகச் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து. எனக்கு அது போதும்.

இரண்டாம் முறை சென்னைக்குப் போனபோது ஸ்டேஷனுக்கு நானும் போனேன். ரயில் கிளம்பும்போது ஜன்னலருகே, "சத்தமா" என்றேன். "தெரியும் மாமா, தெருவுக்கே கேக்கும்" என்று கத்தினாள். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தேறிவிட்டாள். பேசும் பகுதியில் தேர்வாளர் ஒருவர், நீங்கள் இவ்வளவு உரக்கப் பேச வேண்டியதில்லை, நாங்கள் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லி மகன் சிரித்தான்.

விசாவுக்காகக் காத்திருக்கிறாள். அதுவரை இங்கேதான் வேலை, இந்த மாதம் இரவு டூட்டி. காலையில் வந்து பேத்தியைக் கிளப்பி அனுப்பி, சமைத்து வைத்துவிட்டுப் படுக்கும்போது மதியம் ஆகிவிடுகிறது. முன்னறையில்தான் காற்று வரும் என்பதால் அந்த ஜன்னலோரக் கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டேன். முதல் நாள் தயங்கினாள். "உங்க கட்டிலாச்சே மாமா." தூங்காதவனுக்கு எதற்குக் கட்டில் என்றேன். தலையணை உறையை மாற்றிவிட்டுப் படுத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவள் தும்முவதற்கு மாடிக்குப் போன வருடங்களை யாரும் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. என் மனைவிக்கு இந்த அளவுகூடச் சரிக்கட்ட எனக்கு இனி வழியில்லை.

நேற்று அவள் தூங்கும்போது கூரியர்க்காரர் வண்டியைத் தெருவில் நிறுத்துவது தெரிந்தது. காலிங்பெல்லில் அவர் கைவைப்பதற்குள் வாசலுக்குப் போய் உதட்டில் விரலை வைத்தேன். "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். "தூங்குறாக" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. பார்சலைக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போய்த்தான் கிளப்பினார்.

அவள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க. உண்மையாகத் தூங்குகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நான் இத்தனை காலம் நடித்தது எவ்வளவு மோசமான நடிப்பு. நல்லவேளை, பயத்தில் யாரும் கிட்டே வந்து பார்க்கவில்லை.

நாலு மணி வாக்கில் அவள் புரண்டு கண்ணைத் திறந்தாள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எழுப்பிய மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று தணிந்த குரலில் கேட்டேன்: "ஹாபன் ஸீ கூட் கெஷ்லாஃபன்?"

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். மில் முனகிக்கொண்டிருந்தது.

"லௌட்டர், பிட்டே, மாமா" என்றாள்.